வலப்பக்கத் தண்டு

குருசடிப்பட்டி, ஆவூர் வழி
16.2.2025

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

பால்ராஜ் எழுதிக்கொண்டது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மலையில் பனி குறைந்ததா? இங்கே ஜெசிந்தா சுகம். நானும் சுகம் என்று எழுதினால் அது பொய்.

என் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். போன் இல்லாத மடத்தில் இருப்பதால் உனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நாலு சின்ன ஓட்டை, இரண்டே நாளில் வீடு என்றார்கள். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் எல்லாம் ஒட்டிக்கிடந்ததாம். விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துதான் எடுத்தார்கள். இப்போது இருமினால்கூடத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு இட்லி, ரசம் சாதம், மோர். எண்ணெய் கண்ணில் படக்கூடாது.

ஒரு வேடிக்கை கேள். இரண்டு வருடமாக எனக்கு வலது தோள்பட்டைக்கடியில் வலி. சப்பரம் தூக்கித் தூக்கி வந்த வலி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். தைலம் தேய்த்தேன். பங்குச்சாமியார் அந்தத் தோளில் கைவைத்து செபித்தார். ஸ்கேன் எடுத்த டாக்டர் சொல்கிறார்: "தோளுக்கு ஒண்ணும் இல்ல சார். பித்தப்பை வலி அங்கதான் தெரியும்." ஆண்டவருக்காகச் சுமந்த வலி என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் பித்தம்.

எடுத்த கற்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். ஜெசிந்தா அதை மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். "இம்புட்டூண்டா சார்? எங்க மச்சானுக்கு நெல்லிக்கா கணக்கா இருந்துச்சு" என்று ஒருவர் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். என்னை முந்திக்கொண்டு தலைமையாசிரியரானவரும் ஆப்பிளோடு வந்தார். ஊரே வந்தது. வராதவன் ஒருவன்தான். மீமிசலுக்கும் நம் ஊருக்கும் நடுவில் கடலா கிடக்கிறது?

அவனுக்கு யாரும் சொல்லக்கூடாது என்று, கட்டிய மனைவி என்றும் பார்க்காமல் ஜெசிந்தாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீயும் எழுதாதே. யாரும் சொல்லாமல் தானாக வரவேண்டும். சொல்லி வருகிறவன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

உன் செபத்தில் நினைத்துக்கொள்.

உன் தம்பி,
பால்ராஜ்


கார்மேல் மடம்
24.2.2025

சேசு மரி சூசை

அன்புத் தம்பி பால்ராஜுக்கு,

உன் கடிதத்தை மதரிடம் காட்டி, உனக்காக எல்லாரும் சேர்ந்து ஒரு செபமாலை சொன்னோம். காயம் ஆறுகிறதா? காய்ச்சல் இல்லையே? என் மூட்டு என்னோடு சண்டைபோட்டுக்கொண்டே நடக்கிறது. அதை விடு.

அந்தக் குப்பியை மாதாவுக்குப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல். இருபத்து நாலு மணி நேரமும் அவள் அதையா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

சார்லஸ் யாரும் சொல்லாமல் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். லாசர் சீக்காகக் கிடந்தபோது ஆண்டவருக்கே அவனுடைய சகோதரிகள் ஆளனுப்பித்தான் சொன்னார்கள். நம் தம்பி ஆண்டவரைவிடப் பெரியவனா? கூடப்பிறந்தவனோடு பதினோரு வருடம் பேசாமல் இருப்பது போதாதா?

ஒரு விஷயம் நீ எழுதவில்லை. பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்கிறார்? ஈஸ்டர் ஏப்ரல் இருபது. உயிர்த்த ஆண்டவர் சப்பரத்தில் வலப்பக்க முன்தண்டைத் தூக்கும் உரிமை நம் வீட்டுக்கு. நம் வீட்டுத் தோள் ஒன்று அதற்குப் போகாவிட்டால் அந்த இடம் பின்னால் நிற்கிற வீட்டுக்குப் போய்விடும் என்பது ஊர்க்கட்டு. இந்த வருடம் யார் போவது?

மார்ச் ஐந்து விபூதிப் புதன், தவக்காலத் தொடக்கம். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. வருவதை மதர் பெட்டியில் பூட்டி வைத்து ஈஸ்டர் திங்களன்று தருவார். நான் இங்கே வந்த நாளிலிருந்து உனக்குத் தெரிந்ததுதான். அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேள்.

உன் அக்கா,
அந்தோணிமேரி
(மடத்துப் பெயரில் கையெழுத்திட்டால் உனக்குப் பிடிக்காது.)


குருசடிப்பட்டி
28.2.2025

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. தையல் பிரித்தாயிற்று. உன் மூட்டுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துக்கொள்.

போதாதா என்று கேட்டிருக்கிறாய். நீ மடத்து அடைப்புக்குள் இருந்தாய், அதனால் பார்க்கவில்லை. பார்த்தவன் நான். திரும்பவும் சொல்கிறேன்.

அப்பா தன் கடைசி வருடங்களில் தண்டை அவனிடம்தான் கொடுத்தார். மூத்தவன் நான் பக்கத்திலேயே நின்றேன். "நீ குட்டைடா, ஒன் பக்கம் சாஞ்சிரும்" என்றார். அப்பா இறந்த வருடத்து ஈஸ்டரில், மூத்தவன் என்ற முறையில் நான் போய் நின்றேன். உயரம் பத்தாததால் துண்டை மடித்துத் தோளில் வைத்தேன். அதில் என்ன தப்பு? கோயில் முற்றத்தில் அத்தனை பேர் நிற்கும்போது அவன் சத்தமாகச் சொன்னான்: "அண்ணனுக்கு ஒரு துண்டு பத்தாதுப்பா. இன்னொண்ணு குடுங்க, இல்லாட்டி ஆண்டவரு குப்புற விழுந்துருவாரு."

ஊரே சிரித்தது. அன்றைய பங்குச்சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பதினோரு வருடம் ஆகிறது, இன்றும் நான் கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பின்பெஞ்சிலிருந்து "ரெண்டு துண்டு" என்று ஒரு குரல் வரும். அப்போது பிறந்திராத பிள்ளைகள் அக்கா அவர்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அந்த வருடத்திலிருந்து இரண்டு துண்டு வைத்துத்தான் தூக்குகிறேன். அவன் சொன்னதற்காக இல்லை. உண்மையிலேயே இரண்டு தேவைப்பட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தவக்காலம் உனக்கு நல்லபடி அமையட்டும்.

உன் தம்பி,
பால்ராஜ்


கார்மேல் மடம்
3.3.2025

சேசு மரி சூசை

அன்புத் தம்பிக்கு,

தையல் பிரித்ததில் சந்தோஷம். வெளித்தையல் பிரிந்தால் உள்தையல் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. இங்கே இரண்டு சிஸ்டர்களுக்கு ஆபரேஷன் நடந்து நான்தான் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முந்தியதை ஒன்றுவிடாமல் எழுதிவிட்டாய். வருகிற ஈஸ்டரைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. தண்டுக்கு யார் போவது?

நாளை மறுநாள் விபூதிப் புதன். இனி நீ எழுதினாலும் எனக்குக் கிடைக்காது. சார்லஸுக்கும் தவக்காலத்துக்கு முன்பு வழக்கமாகப் போடும் கடிதத்தைப் போட்டுவிட்டேன். ஜெசிந்தா சொல்வதைக் கேள்.

உன் அக்கா,
அந்தோணிமேரி


குருசடிப்பட்டி
14.3.2025

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

தவக்கால ஒறுத்தல்களில் உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் வீட்டுக்குள் நடக்கிறேன். குனிந்தால் மட்டும் உள்ளே ஏதோ இழுக்கிறது.

நேற்று உபதேசியார் பிச்சை வந்தார். கல்லைப் பார்த்தார், காப்பி குடித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஈஸ்டருக்குத் தண்டுக்கு என்ன சார் செய்றது? தம்பிக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிருவோமா?"

"எந்தத் தம்பி?"

"என்ன சார், ஒங்களுக்கு எத்தனை தம்பி இருக்காக?"

"எனக்குத் தம்பி இல்லை."

"சரிங்க. இல்லாத தம்பி வரமாட்டாரு. அப்ப எடத்தை அருள்மணி வீட்டுக்கு விட்டுருவோம். அவருதான் ஒங்களுக்குப் பின்னாடி ரெண்டாவது ஆளா நின்னுக்கிட்டே இருக்காரு. அவருக்கும் ஆசை இருக்குமில்ல?"

அடுப்படியிலிருந்து ஜெசிந்தா: "விட்டுருங்கண்ணே. உள்தையல் பிரிஞ்சா யாரு பாக்குறது? ஆண்டவரா எறங்கி வந்து தைப்பாரு?"

"நான்தான் தூக்குவேன்" என்றேன். பிச்சை என் வயிற்றைப் பார்த்தார், என் உயரத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

அக்கா, அப்பாவுக்கு அடுத்து என்னை அதட்டும் உரிமை உனக்குத்தான். ஆகவே கேட்கிறேன்: நான் தண்டுக்குப் போகலாமா, கூடாதா? கூடாது என்று ஒரு வார்த்தை எழுது, போகமாட்டேன். இடம் அருள்மணி வீட்டுக்குப் போகட்டும், யார் வீட்டுக்கோ போகட்டும். உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் உனக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

உன் தம்பி,
பால்ராஜ்


குருசடிப்பட்டி
6.4.2025

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. சரி.

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாதாம். உள்தையல் விட்டால் அந்த இடத்தில் குடல் பிதுங்கும், திரும்பவும் கிழிக்க வேண்டிவரும் என்றார். சப்பரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா மீன்குழம்பு வைத்தாள். தேங்காய் இல்லை, எண்ணெய் இல்லை, மிளகும் புளியும்தான். வவ்வால் மீன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து வாய்க்கு ருசியாக நான் தின்ற முதல் சோறு அது. இரண்டு துண்டு தின்ற பிறகு கேட்டேன், "ஏது மீன்?" "மார்க்கெட்ல வாங்குனது" என்றாள். எந்த மார்க்கெட்டில் அக்கா இத்தனை புதுசாக வவ்வால் கிடைக்கிறது? பஸ் ஸ்டாப் டீக்கடையில் காலையில் ஒரு ஐஸ்பெட்டி இறங்கியதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீமிசலில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவன் யார் என்றும் எனக்குத் தெரியும்.

மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

மீன் அனுப்பத் தெரிகிறது. வந்து பார்க்கத் தெரியவில்லை.

பதில் வராததால் உனக்குச் சம்மதம் என்று வைத்துக்கொள்கிறேன். துண்டு இரண்டையும் துவைத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
பால்ராஜ்


கார்மேல் மடம்
21.4.2025, ஈஸ்டர் திங்கள்

சேசு மரி சூசை

பால்ராஜ்,

ஆண்டவர் உயிர்த்தார், அல்லேலூயா. உன்னுடைய இரண்டு கடிதங்களையும் மதர் இன்று காலையில்தான் கையில் கொடுத்தார். சாப்பாட்டு மணி அடித்தபோதும் நான் எழுந்து போகவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: கூடாது.

இந்தப் பதில் எந்த நாளில் உனக்கு வந்துசேரும் என்று, கேட்ட அன்றைக்கே உனக்குத் தெரியும். நான் மடத்துக்கு வந்ததிலிருந்து ஒரு தவக்காலத்திலும் நீ எனக்குக் கடிதம் போட்டதில்லை. இந்த வருடம் இரண்டு. விபூதிப் புதனுக்கு முன்னால் இரண்டு முறை கேட்டேன், அப்போது வாயைத் திறக்கவில்லை. நான் 'கூடாது' என்று சொல்லமுடியாத நாளாகப் பார்த்து என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பையன் செய்தால் அவனை என்ன செய்வாய்?

நேற்று மாலை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீ எந்தப் படுக்கையில் கிடக்கிறாய் என்றும் தெரியாது. தையல் விட்டதா? உடனே எழுது. எழுத முடியாவிட்டால் ஜெசிந்தாவை எழுதச் சொல்.

அந்தோணிமேரி


குருசடிப்பட்டி
26.4.2025

சேசு மரி சூசை

அக்காவுக்கு,

தையல் விடவில்லை. படுக்கையிலும் இல்லை. ஈஸ்டர் வாழ்த்து உனக்கும் மதருக்கும்.

நீ எழுதியதற்கெல்லாம் நான் பதில் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ பதில் சொல்.

ஞாயிறு சாயங்காலம் இரண்டு துண்டோடு போய்த் தண்டுக்கு முன்னால் நின்றேன். ஜெசிந்தா கோயில் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் அருள்மணி நிற்கவேண்டிய இடத்தில் வேறு யாரோ வந்து நின்றார்கள். நான் திரும்பவில்லை. பிச்சையின் குரல் கேட்டது.

"ஏப்பா சார்லஸு, பனைமரம் கணக்கா வளந்துட்டு ஒனக்கு எதுக்குப்பா மூணு துண்டு?"

"தோளு நோகுதுண்ணே."

"மீமிசல் மீனா தின்னு வளத்த ஒடம்பு. மெத்தை போட்டாத்தான் தூக்குமாக்கும்."

ஊரே சிரித்தது. அவனைப் பார்த்துச் சிரித்தது. பதினோரு வருடமாக நான் கேட்க ஏங்கிய சிரிப்பு அது. காதாரக் கேட்டேன்.

பிறகு மணி அடித்தார்கள். "தூக்கு" என்றார்கள். தண்டு எழும்பியது. தோளில் பாரம் இறங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவில்லை. துண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். என்னைவிட அரையடி உயரமானவன், மூன்று துண்டு வைத்து, ஒரே தண்டில் எனக்குப் பின்னால் நின்றால் வேறு என்ன நடக்கும்? நுனிக்காலில் எம்பிப் பார்த்தேன். எட்டவில்லை. வயிற்றில் சுருக்கென்றது, இறங்கிவிட்டேன்.

நான்கு தெருவும் அப்படித்தான் போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப்போல. அவன் மூச்சு என் பிடரியில் அனலாக அடித்தது. குருசடி முக்கில் தோள் மாற்றச் சொன்னார்கள். எல்லாரும் மாற்றினார்கள், அவன் மாற்றவில்லை. இறக்கிவைத்ததும் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

மற்றவர்கள் "பச்சை உடம்போட தூக்கிட்டாரே சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் எதையும் தூக்கவில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். முன்பு ஊர் அறிய அவமானப்படுத்தினான். இந்த முறை ஊர் அறியாமல். எது பெரிது என்று நீ சொல்.

அவனுக்கு என்ன எழுதினாய்?

பால்ராஜ்


கார்மேல் மடம்
8.5.2025

சேசு மரி சூசை

அன்புத் தம்பி பால்ராஜுக்கு,

தையல் விடவில்லை என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மூடிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். மற்றதை மறுநாள்தான் படித்தேன்.

சார்லஸுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "ஈஸ்டருக்கு ஊருக்குப் போ. உன் அண்ணன் தண்டுக்குப் போவான். போகாதே என்று எவரும் சொல்லித் தடுக்கமுடியாது." ஆபரேஷன் என்று எழுதவில்லை, நீ எழுதாதே என்று சொல்லியிருந்தாய். அது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மூன்று துண்டு அவனுடைய யோசனை.

இனி நீ கேட்காதது. அவன் மனைவி ஜாஸ்பின் கடிதம் போட்டிருக்கிறாள். அந்த மூலைப் பாரம் முழுவதையும் ஒரே தோளில் கடைசிவரை வைத்திருந்ததில் அவனுக்குத் தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சட்டை போடவும் ஆள் வேண்டியிருக்கிறதாம்.

உனக்கு யாரும் சொல்லக்கூடாது என்று ஜாஸ்பினிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். "சொல்லாம வரட்டும்" என்கிறானாம். அந்த வரியை எங்கேயோ படித்த ஞாபகம் எனக்கு.

நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. அதனால் எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அந்தோணிமேரி


குருசடிப்பட்டி
3.6.2025

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூட்டுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். எனக்கு வாங்கியது, தோளுக்குப் பயன்படவில்லை, உனக்காவது பயன்படட்டும். நான் இப்போது வெளியே நடமாடுகிறேன்.

மீமிசலுக்குப் போய்வந்தேன். உன் கடிதம் வந்து பல நாள் போகாமல்தான் இருந்தேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸில் உடைக்காத பாட்டில் ஒன்று மிச்சமிருந்தது, கெட்டுப்போகுமே என்று எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் நாற்காலியில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். நரைத்துவிட்டான் அக்கா. எதிரே உட்கார்ந்தேன். என்ன பேசுவது? பேசுவதும் இல்லையே. அவர்கள் வீட்டு நாய் டைகர் நடுவில் வந்து படுத்தது.

"ஏன்டா டைகரு, தூக்க முடியாத பாரத்தை எவன் தூக்கச் சொன்னான்?" என்றேன்.

அவனும் நாயைப் பார்த்தான். "டைகரு, ஒங்க பெரியப்பாருக்கு வவ்வா மீனு செரிச்சுச்சான்னு கேளு."

"செரிக்கலைன்னு சொல்லு. ஒரே முள்ளு."

"வவ்வாலுக்கு நடுமுள்ளு ஒண்ணுதான்னு சொல்லு."

ஜாஸ்பின் காப்பியோடு வந்தாள். "ரெண்டு பேரும் அதைப் போட்டு இந்தப் பாடு படுத்தாதீங்க. அது பாட்டுக்குத் தூங்குது. காப்பியக் குடிங்க மாமா."

அவன் சிரித்துவிட்டான். அதே சிரிப்பு. சிரித்ததும் தோள் குலுங்கி வலியில் முகம் கோணிப்போய்விட்டது. எனக்கு அது தெரியும். கிழிபட்ட உடம்போடு சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "கையை ஆட்டாதடா" என்று சொல்லிவிட்டேன். தலையணையை எடுத்து அவன் கைக்கடியில் வைத்தேன்.

நாயிடம்தான் சொன்னேன் என்று ஜாஸ்பினிடம் சொன்னேன். "நாய்க்கு ஏது மாமா கை?" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. அந்த 'ரெண்டு துண்டு' இன்னும் என் காதில்தான் இருக்கிறது. அவன் போன பிறகும் இருக்கும், நான் போகும்வரை இருக்கும்.

அந்தத் தோள் இனிமேல் பாரம் தாங்காது என்று அவனுடைய டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆக, வலப்பக்க முன்தண்டு இனி என் ஒருவனுக்குத்தான். போட்டிக்கு ஆள் இல்லை. பதினோரு வருடமாக நான் கேட்டது இதைத்தான். கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. அடுத்த ஈஸ்டருக்கு இடத்தை அருள்மணிக்கே விட்டுவிட்டு, நானும் அவனும் சப்பரத்துக்குப் பின்னால் நடந்து வந்தால் என்ன? பேசிக்கொண்டு இல்லை. சும்மா நடந்து. கூடாது என்று நீ எழுதினால் இடத்தை விடமாட்டேன், நானே தூக்குகிறேன்.

இது ஜூன் மாதம். விபூதிப் புதனுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. பதில் எழுது.

உன் தம்பி,
பால்ராஜ்